அணுமின் நிலையங்களில் கருவிப் பழுதும் மாற்றுப் பாதுகாப்பு அமைப்புகளும்

அணுமின் நிலையத்தில் மாற்றுப் பாதுகாப்பு அமைப்பு என்பது, வழக்கமாக இயங்கும் ஒரு கருவி பழுதடையும்போது அதன் வேலையை ஏற்பதற்காகக் காத்திருக்கும் மற்றொரு கருவி அல்லது கருவித் தொகுதி ஆகும். பம்பு, வால்வு, கேபிள், மின்மாற்றி, அளவி என்று பல்லாயிரம் உறுப்புகள் கொண்ட ஒரு நிலையத்தில் ஏதேனும் ஒன்று எப்போதாவது பழுதாகத்தான் செய்யும். எனவே பழுதே வராமல் தடுப்பதோடு, பழுது வந்தபின்னும் உலை பாதுகாப்பாக இருக்கும்படி அமைப்பதும் அணு உலை வடிவமைப்பின் அடிப்படை நோக்கமாகக் கொள்ளப்படுகிறது.

தமிழ்நாட்டில் செங்கல்பட்டு மாவட்டம் கல்பாக்கத்திலும், திருநெல்வேலி மாவட்டம் கூடங்குளத்திலும் அணுமின் நிலையங்கள் உள்ளன. மாற்று அமைப்புகள் எப்படிச் செயல்படுகின்றன, எப்போது தவறுகின்றன என்பதை இந்த இரு நிலையங்களோடு, உத்தரப் பிரதேசத்தின் நரோராவில் 1993இல் நடந்த தீ விபத்தையும் ஜப்பானின் புகுஷிமாவில் 2011இல் நடந்த விபத்தையும் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

உலையை நிறுத்திய பின்னும் தொடரும் வெப்பம்

அனல்மின் நிலையத்தில் கோளாறு ஏற்பட்டால் அடுப்புக்குப் போகும் நிலக்கரியை நிறுத்திவிட்டால் போதும். அணு உலை அப்படிப்பட்டதன்று. யுரேனிய அணுக்கரு பிளவுறுவதை ஓரிரு நொடிகளில் நிறுத்திவிடலாம். ஆனால் பிளவில் உண்டான புதிய தனிமங்கள் பெரும்பாலும் கதிரியக்கம் உடையவை. அவை சிதைந்துகொண்டே வெப்பத்தை வெளியிடும். இதற்கு எஞ்சு வெப்பம் அல்லது சிதைவு வெப்பம் என்று பெயர். இதனை எந்தப் பொத்தானை அழுத்தியும் நிறுத்த முடியாது.

உலை நின்ற அந்த நொடியில் இவ்வெப்பம் முழுத்திறனில் ஏறத்தாழ 6 முதல் 7 விழுக்காடு வரை இருக்கும். ஒரு மணி நேரத்தில் சுமார் 1.5 விழுக்காடாகவும், ஒரு நாளில் சுமார் 0.5 விழுக்காடாகவும் குறையும். கேட்பதற்குச் சிறிய எண்ணாகத் தோன்றும். 220 மெகாவாட் மின்சாரம் தரும் ஓர் உலை உண்மையில் ஏறத்தாழ 750 மெகாவாட் வெப்பத்தை உண்டாக்குகிறது. அதில் 0.5 விழுக்காடு என்பது ஏறக்குறைய 4 மெகாவாட். வீட்டுக் குளியலறையில் உள்ள 2 கிலோவாட் ஹீட்டர்கள் 2,000 சேர்ந்து இரவும் பகலும் எரிவதற்கு இது சமம். உலையை நிறுத்தி ஒரு நாள் கழிந்த பிறகும் நிலைமை இது.

இந்த வெப்பத்தை யாராவது, ஏதாவது ஒன்று தொடர்ந்து வெளியேற்ற வேண்டும். வெளியேற்றாவிட்டால் குளிர்விக்கும் நீர் ஆவியாகும், எரிபொருள் கோல்கள் வெளியே தெரியும், உறை சிதையும், இறுதியில் எரிபொருளே உருகும். ஆகவே அணுமின் நிலையத்தில் மாற்று அமைப்புகளின் பெரும்பகுதி, உலையை நிறுத்துவதைவிட நிறுத்திய உலையைக் குளிர்விப்பதற்காகவே உள்ளது.

மூன்று கடமைகள்

பாதுகாப்பு அமைப்புகளின் வேலையை மூன்றாகப் பிரிக்கலாம்.

1. நிறுத்துதல்: அணுக்கருப் பிளவுத் தொடர்வினையை உடனே அணைத்தல்.
2. குளிர்வித்தல்: எஞ்சு வெப்பத்தை இடைவிடாமல் வெளியேற்றுதல்.
3. அடைத்து வைத்தல்: கதிரியக்கப் பொருள்கள் சுற்றுப்புறத்துக்குப் போகாமல் காத்தல்.

இந்தியாவின் கனநீர் உலைகளில் முதல் கடமைக்கு வெவ்வேறு வழிகள் கையாளப்படுகின்றன. 1983இல் இயங்கத் தொடங்கிய கல்பாக்கத்தின் முதல் உலையில், தணிப்பானாகப் பயன்படும் கனநீரையே உலைக் கலத்திலிருந்து கீழேயுள்ள தொட்டிக்கு வடித்துவிடும் முறை உண்டு. கனநீரை மேலே தாங்கி நிற்பது ஹீலியம் வாயுவின் அழுத்த வேறுபாடு. அந்த வேறுபாடு நீங்கியதும் கனநீர் புவியீர்ப்பால் தானே கீழிறங்கிவிடும். தணிப்பான் இல்லாத உலையில் தொடர்வினை நின்றுவிடும். நரோரா முதலான பின்வந்த உலைகளில், விழும் காட்மியக் கழிகள் ஓர் அமைப்பாகவும், குழாய்களில் ஏற்றப்படும் போரான் கலந்த திரவம் மற்றோர் அமைப்பாகவும் வைக்கப்பட்டன. காட்மியமும் போரானும் நியூட்ரான்களை உறிஞ்சிக்கொள்ளும் தன்மை உடையவை.

மின்சாரத்தின் நான்கு வகுப்புகள்

மின்சாரம் தயாரிக்கும் நிலையமே தன் பம்புகளை இயக்க மின்சாரத்தை நம்பியிருக்கிறது. இந்திய அணுமின் நிலையங்களில் உள் மின்வழங்கல் நான்கு வகுப்புகளாக அமைக்கப்பட்டுள்ளது. ஒரு கல்யாண மண்டபத்தோடு ஒப்பிட்டால் இது எளிதில் விளங்கும்.

நான்காம் வகுப்பு: வெளியே உள்ள மின்தொகுப்பிலிருந்தும் நிலையத்தின் சொந்த மின்னாக்கியிலிருந்தும் வரும் வழக்கமான மின்சாரம். மண்டபத்துக்கு வரும் மின்வாரிய கரண்ட் போன்றது. பெரிய பம்புகள் இதில் ஓடும்.

மூன்றாம் வகுப்பு: நான்காம் வகுப்பு போய்விட்டால் டீசல் ஜெனரேட்டர்கள் தரும் மின்சாரம். ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும் சிறு இடைவெளியைத் தாங்கக்கூடிய பம்புகள் இதில் இணைக்கப்படும்.

இரண்டாம் வகுப்பு: இன்வெர்ட்டர் வழியாக வரும், நொடிகூடத் தடைபடாத மாறுதிசை மின்சாரம்.

முதல் வகுப்பு: பேட்டரிகளிலிருந்து நேரடியாக வரும் நேர்திசை மின்சாரம். கட்டுப்பாட்டுச் சுற்றுகளும் அவசர விளக்குகளும் இதை நம்பியுள்ளன. பேட்டரி சில மணி நேரமே தாங்கும். பெரிய பம்பை அதைக்கொண்டு ஓட்ட முடியாது.

நான்காம் வகுப்பும் மூன்றாம் வகுப்பும் ஒருசேர இல்லாமல் போகும் நிலைக்கு நிலைய மின்னிழப்பு என்று பெயர். அணுமின் நிலையப் பொறியாளர்கள் மிகவும் அஞ்சும் நிலை இதுவே.

மாற்று அமைப்புகளுக்கான விதிகள்

எண்ணிக்கை: ஒரு பம்பு போதுமான இடத்தில் இரண்டு அல்லது மூன்று வைக்கப்படும். ஒன்று பழுதாகி, மற்றொன்று பராமரிப்புக்காகக் கழற்றப்பட்டிருந்தாலும் மூன்றாவது வேலை செய்யும். எந்த ஒரு தனிக் கருவியின் பழுதும் பாதுகாப்புக் கடமையைத் தடுக்கக் கூடாது என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் விதி.

மூன்றில் இரண்டு: வெப்பம், அழுத்தம் போன்றவற்றை அளக்க மூன்று அளவிகள் வைக்கப்படும். மூன்றில் இரண்டு அபாயம் என்று சொன்னால்தான் உலை தானாக நிற்கும். ஒரு கெட்டுப்போன அளவி பொய்யாக அலறி உலையை நிறுத்தவும் முடியாது. ஒரு கெட்டுப்போன அளவி வாய்மூடியிருந்து உண்மை அபாயத்தை மறைக்கவும் முடியாது.

வேறுபாடு: ஒரே வேலைக்கு வெவ்வேறு தத்துவங்களில் இயங்கும் கருவிகளை வைத்தல். மின்சாரத்தில் ஓடும் பம்புக்கு மாற்றாக டீசல் எஞ்சினில் நேரடியாக ஓடும் பம்பு வைப்பது இதற்கு எடுத்துக்காட்டு.

இடைவெளி: மாற்றுக் கருவிகளையும் அவற்றின் கேபிள்களையும் வெவ்வேறு அறைகளில், வெவ்வேறு வழிகளில், தீத்தடுப்புச் சுவர்களுக்கு இரு பக்கமும் வைத்தல்.

பழுதானால் பாதுகாப்பான பக்கம் சாய்தல்: மின்காந்தம் பிடித்துக்கொண்டிருக்கும் கட்டுப்படுத்தும் கழி, மின்சாரம் போனால் தானே உலைக்குள் விழும். இங்கே பழுதே உலையை நிறுத்திவிடுகிறது.

இயற்கை விசையை நம்புதல்: மின்சாரமோ ஆளோ இல்லாமல், புவியீர்ப்பாலும் வெப்பச் சலனத்தாலும் இயங்கும் அமைப்புகள்.

பொதுக் காரணப் பழுது

மேற்கண்ட விதிகளில் எண்ணிக்கையைக் கூட்டுவது எளிது, மற்றவை கடினம். எண்ணிக்கை மட்டும் ஏன் போதாது என்பதை ஒரு சிறு கணக்கு காட்டும். பின்வரும் எண்கள் விளக்கத்துக்காக மட்டும் எடுத்துக்கொண்டவை.

ஒரு டீசல் ஜெனரேட்டர் 100 முறை இயக்கினால் ஒருமுறை ஓட மறுக்கிறது என்று கொள்வோம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு இருந்தால், இரண்டும் ஒரே நேரத்தில் மறுக்கும் வாய்ப்பு 10,000இல் 1. மூன்று இருந்தால் 10 லட்சத்தில் 1. இனி, அந்த மூன்றும் ஒரே தாழ்வான அறையில் இருக்கின்றன என்றும், ஜெனரேட்டர் தேவைப்படும் 1,000 சூழல்களில் ஒன்றில் அந்த அறையில் வெள்ளம் புகும் என்றும் கொள்வோம். அப்போது மூன்றும் தவறும் வாய்ப்பு 1,000இல் 1க்குக் கீழே ஒருபோதும் இறங்காது. அதே அறையில் மூன்றுக்குப் பதில் பத்து ஜெனரேட்டர்களை வைத்தாலும் இதே நிலைதான்.

ஒரே காரணத்தால் பல கருவிகள் ஒருசேரச் செயலிழப்பதைப் பொதுக் காரணப் பழுது என்பர். தீ, வெள்ளம், நிலநடுக்கம், ஒரே ஆலையில் செய்த உறுப்பில் உள்ள ஒரே குறை, எல்லாக் கருவிகளையும் பராமரித்த ஒரே பணியாளர் செய்த ஒரே தவறு ஆகியவை இதற்குக் காரணமாகலாம். அணுமின் நிலையங்களில் நடந்த பெரிய விபத்துகள் பலவற்றில் மாற்று அமைப்புகள் போதுமான எண்ணிக்கையில் இருந்தன. அவை ஒன்றையொன்று சாராமல் இருக்கவில்லை.

இதற்கான முதல் பெரிய எச்சரிக்கை 1975 மார்ச் 22 அன்று அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் பிரவுன்ஸ் ஃபெர்ரி நிலையத்தில் வந்தது. கேபிள்கள் சுவரைக் கடக்கும் இடத்தில் காற்றுக் கசிவு உள்ளதா என்று பணியாளர்கள் மெழுகுவத்திச் சுடரைக் காட்டிப் பார்த்தபோது, அடைப்பாக வைத்திருந்த நுரைப்பொருளில் தீப்பற்றியது. 1,600க்கும் மேற்பட்ட கேபிள்கள் எரிந்தன. வெவ்வேறு பாதுகாப்பு அமைப்புகளின் கேபிள்கள் ஒரே இடத்தில் இருந்ததால், பல அமைப்புகள் ஒரே நேரத்தில் செயலிழந்தன. அதன்பின் அமெரிக்காவில் தீப்பாதுகாப்பு விதிகள் மாற்றி எழுதப்பட்டன.

நரோரா தீ விபத்து, 1993

நரோரா அணுமின் நிலையம் உத்தரப் பிரதேசத்தில் புலந்த்சாகர் மாவட்டத்தில் கங்கைக் கரையில் உள்ளது. அங்கே 220 மெகாவாட் கனநீர் உலைகள் இரண்டு உண்டு. 1993 மார்ச் 31 அதிகாலை சுமார் மூன்றரை மணிக்கு முதல் உலையின் நீராவிச் சுழலியில், கடைசிக் கட்டத் தகடுகளில் இரண்டு முறிந்தன. அசுர வேகத்தில் சுழலும் அச்சு சமநிலை இழந்து கடுமையாக அதிர்ந்தது. மின்னாக்கியைக் குளிர்விக்கும் ஹைட்ரஜன் வாயு அதிர்வினால் வெளியேறித் தீப்பிடித்தது. உயவு எண்ணெயும் சேர்ந்து எரிந்தது. அருகிலிருந்த கேபிள் தட்டுகள் வழியாகத் தீ பரவியது.

இயக்குநர்கள் ஒரு நிமிடத்துக்குள் உலையை நிறுத்தினர். வேகமாகக் குளிர்விக்கும் பணியையும் தொடங்கினர். தொடர்ந்த சில நிமிடங்களில் மின்சாரம் முழுவதும் போயிற்று. இங்கே கவனிக்க வேண்டியது, டீசல் ஜெனரேட்டர்கள் தீயில் சிக்கவில்லை. அவற்றின் மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் கேபிள்களும் கட்டுப்படுத்தும் கேபிள்களும் மற்றக் கேபிள்களோடு ஒரே வழியில், போதிய தீத்தடுப்பு இல்லாமல் சென்றன. ஆகவே மின்வழங்கலும் அதன் மாற்றும் ஒரே தீயில் போயின. நிலைய மின்னிழப்பு ஏறத்தாழ 17 மணி நேரம் நீடித்தது. கட்டுப்பாட்டு அறையில் புகை சூழ்ந்ததால் பணியாளர்கள் வெளியேற நேர்ந்தது.

இந்த நிலையில் உலையைக் காத்தவை மூன்று.

முதலாவது, இயற்கைச் சுற்றோட்டம். இவ்வகை உலைகளில் நீராவிக் கலன்கள் உலையைவிட உயரத்தில் வைக்கப்பட்டுள்ளன. உலையில் சூடான கனநீர் அடர்த்தி குறைந்து மேலேறும். நீராவிக் கலனில் வெப்பத்தை இழந்து அடர்த்தி கூடிக் கீழிறங்கும். பள்ளி ஆய்வகத்தில் குடுவை நீரில் வண்ணப் படிகத்தை இட்டுக் காட்டும் அதே வெப்பச் சலனம்தான் பம்பு இல்லாமல் கனநீரைச் சுற்ற வைத்தது.

இரண்டாவது, டீசல் எஞ்சினில் ஓடும் தீயணைப்புப் பம்புகள். சுற்றோட்டம் நடந்தாலும் நீராவிக் கலனின் மறுபக்கத்தில் வெப்பத்தை எடுத்துச்செல்ல நீர் வேண்டும். தீயணைக்க வைத்திருந்த பம்புகள் மூலம் நீராவிக் கலன்களுக்கு நீர் செலுத்தப்பட்டது. அந்தப் பம்புகளுக்கு நிலையத்தின் மின்சாரம் தேவைப்படவில்லை.

மூன்றாவது, பணியாளர்களின் துணிவு. உலை குளிரக் குளிரத் தொடர்வினை மீண்டும் தொடங்கிவிடாமல் இருக்க, பணியாளர்கள் டார்ச் விளக்குகளுடன் இருட்டில் மேலேறிச் சென்று, போரான் கலந்த திரவம் புவியீர்ப்பால் உலைக்குள் இறங்கும்படி வால்வுகளைக் கையால் திறந்தனர்.

பெருந்தீ ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் கட்டுக்குள் வந்தது. எரிபொருளுக்குச் சேதம் இல்லை, கதிரியக்கம் வெளியேறவில்லை. அணு நிகழ்வுகளுக்கான பன்னாட்டு அளவுகோலில், 0 முதல் 7 வரையுள்ள நிலைகளில், இது 3ஆம் நிலை நிகழ்வாக வகைப்படுத்தப்பட்டது.

இவ்வகைச் சுழலித் தகடுகளின் வடிவமைப்புக் குறை விபத்துக்கு முன்பே அறியப்பட்டிருந்தது. எனினும் அவை மாற்றப்படாமல் இருந்தன. கேபிள்களைப் பிரித்து வைக்க வேண்டும் என்பதற்கான பாடமும் 18 ஆண்டுகளுக்கு முன்பே பிரவுன்ஸ் ஃபெர்ரியில் கிடைத்திருந்தது. விபத்துக்குப் பின் கல்பாக்கம் உள்ளிட்ட இந்திய நிலையங்களில் சுழலித் தகடுகள் ஆராயப்பட்டுத் திருத்திய வடிவத் தகடுகள் பொருத்தப்பட்டன. கேபிள்களைப் பிரித்தல், தீத்தடுப்புகள் அமைத்தல் ஆகிய பணிகளும் மேற்கொள்ளப்பட்டன.

வெள்ளமும் கடலும்

1994 ஜூன் மாதம் குஜராத் மாநிலத்தின் காக்ராபார் நிலையத்தில் பெருமழை பெய்தபோது, அருகிலிருந்த ஏரியின் மதகுகளைத் திறக்க இயலாமல் நீர் சுழலிக் கட்டடத்தினுள் புகுந்தது. அப்போது முதல் உலை நிறுத்தப்பட்டிருந்தது. தாழ்வான இடங்களில் இருந்த கருவிகள் ஒருசேர நீரில் மூழ்கின. நரோராவில் தீ செய்த வேலையை இங்கே வெள்ளம் செய்தது.

கல்பாக்கத்தில் உள்ள சென்னை அணுமின் நிலையம் கடல்நீரால் குளிர்விக்கப்படுகிறது. கடற்படுகைக்கு அடியில் குடையப்பட்ட சுரங்கம் வழியாகக் கடல்நீர், கரையிலுள்ள பம்பு இல்லத்துக்கு வருகிறது. 2004 டிசம்பர் 26 அன்று காலை சுமத்ரா அருகே உண்டான நிலநடுக்கத்தைத் தொடர்ந்து ஆழிப்பேரலை தமிழ்நாட்டுக் கரையைத் தாக்கியது. அன்று முதல் உலை மேம்பாட்டுப் பணிக்காக நிறுத்தப்பட்டிருந்தது. இரண்டாம் உலை இயங்கிக்கொண்டிருந்தது.

அலையின் நீர் சுரங்கம் வழியாகவே ஏறிப் பம்பு இல்லத்தை நிரப்பியது. நீராவியைக் குளிர்விக்கும் பெரிய பம்புகள் நின்றன. கருவிகளைக் குளிர்விக்கும் கடல்நீர்ப் பம்புகளில் ஒன்று மட்டுமே இயங்கும் நிலையில் எஞ்சியது. சுழலி நின்றது, இயக்குநர்கள் உலையை நிறுத்தினர். வெளி மின்தொகுப்பின் மின்சாரம் தடைபடவில்லை. ஆயினும் முன்னெச்சரிக்கையாக டீசல் ஜெனரேட்டர்கள் இயக்கப்பட்டன. அலைநீர் ஜெனரேட்டர்கள் இருந்த இடத்தையோ உலைக் கட்டடத்தையோ எட்டவில்லை. உலை பாதுகாப்பாகக் குளிர்விக்கப்பட்டது. பன்னாட்டு அளவுகோலில் இது 0 நிலை. ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி பெற்று, 2005 ஜனவரித் தொடக்கத்தில் உலை மீண்டும் இயக்கப்பட்டது.

நிலையம் தப்பியதே தவிர, அருகிலிருந்த கல்பாக்கம் நகரியத்திலும் மீனவர் குப்பங்களிலும் பலர் உயிரிழந்தனர். அப்போது கட்டப்பட்டு வந்த முன்மாதிரி வேக ஈனுலையின் அடித்தளக் குழியையும் கடல்நீர் நிரப்பியது.

கல்பாக்கம் நிலையம் வடிவமைக்கப்பட்டபோது புயலால் எழும் கடல்மட்ட உயர்வு கணக்கில் கொள்ளப்பட்டது; ஆழிப்பேரலை கொள்ளப்படவில்லை. இந்திய அணுமின் நிலையம் ஒன்று ஆழிப்பேரலையை எதிர்கொண்டது அதுவே முதன்முறை. பம்பு இல்லம் மூழ்கியும் பெரிய ஆபத்து வராததற்குக் காரணம், ஜெனரேட்டர்களும் மின்பலகைகளும் உயரமான இடத்தில் இருந்ததும், மின்தொகுப்பு தடைபடாததும் ஆகும்.

புகுஷிமா, 2011

கல்பாக்கத்தில் நடவாதது எது என்பதைப் புகுஷிமா காட்டியது. 2011 மார்ச் 11 அன்று 9.0 அளவுள்ள நிலநடுக்கத்தில் ஜப்பானின் புகுஷிமா டாய்ச்சி நிலையத்துக்கு வந்த வெளி மின்சாரம் முற்றிலும் நின்றது. இயங்கிக்கொண்டிருந்த மூன்று உலைகளும் தாமாகவே நின்றன. டீசல் ஜெனரேட்டர்கள் திட்டமிட்டபடி ஓடத் தொடங்கின. அதுவரை மாற்று அமைப்புகள் தவறவில்லை.

சுமார் 50 நிமிடங்களுக்குப் பின் 14 மீட்டர் அளவுக்கு உயர்ந்த அலை வந்தது. நிலையம் எதிர்பார்த்திருந்த அலை உயரம் 5.7 மீட்டர். பெரும்பாலான ஜெனரேட்டர்கள் சுழலிக் கட்டடங்களின் நிலவறைகளில் இருந்தன, எல்லாம் மூழ்கின. 2ஆம், 4ஆம் உலைகளுக்கு உரிய, காற்றால் குளிர்விக்கப்படும் ஜெனரேட்டர்கள் வேறு கட்டடத்தில் இருந்ததால் நனையவில்லை. ஆனால் அவற்றின் மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் மின்பலகைகள் மூழ்கிவிட்டதால் அவையும் பயன்படவில்லை. நரோராவில் கேபிள் செய்ததை இங்கே மின்பலகை செய்தது. சில உலைகளில் பேட்டரிகளும் மூழ்கின. 1, 2, 3 உலைகளில் எரிபொருள் உருகியது. ஹைட்ரஜன் சேர்ந்து 1, 3, 4 உலைக் கட்டடங்கள் வெடித்தன. இது 7ஆம் நிலை விபத்தாக வகைப்படுத்தப்பட்டது.

அதே நிலையத்தில் 5ஆம், 6ஆம் உலைகள் தப்பின. 6ஆம் உலைக்கு உரிய, காற்றால் குளிர்விக்கப்படும் ஒரே ஒரு ஜெனரேட்டர் தன் மின்பலகையோடு நீருக்கு மேலே இருந்தது. அது ஓடியது; இரண்டு உலைகளுக்கும் மின்சாரம் தந்தது.

மறைந்திருக்கும் பழுது

ஓடிக்கொண்டிருக்கும் கருவி பழுதானால் உடனே தெரிந்துவிடும். சும்மா இருக்கும் மாற்றுக் கருவி பழுதாகிக் கிடந்தால், அதைக் கூப்பிடும் நாள் வரை தெரியாது. இதனை மறைந்திருக்கும் பழுது எனலாம்.

1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் மூன்று மைல் தீவு நிலையத்தில் நீராவிக் கலன்களுக்கு நீர் தரும் பம்புகள் நின்றன. மாற்றுப் பம்புகள் உடனே ஓடத் தொடங்கின. ஆனால் அவற்றின் குழாயில் இருந்த இரண்டு வால்வுகள், முன்பு நடந்த சோதனைக்குப் பின் மூடியபடியே விடப்பட்டிருந்தன. எட்டு நிமிடங்கள் நீர் போகவில்லை. இதற்கிடையே அழுத்தத்தைக் குறைக்கத் திறந்த ஒரு வால்வு மூடாமல் சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையின் விளக்கோ, மூடச் சொல்லிக் கட்டளை போனதை மட்டும் காட்டியது. வால்வு மூடியதா என்பதைக் காட்டவில்லை. குளிர்விக்கும் நீர் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வெளியேறியது. நீர் அதிகமாகிவிட்டது என்று தவறாக எண்ணிய இயக்குநர்கள், தானாக இயங்கத் தொடங்கிய அவசரக் குளிர்விப்பையும் குறைத்தனர். எரிபொருளில் ஏறத்தாழப் பாதி உருகியது.

இதனால்தான் மாற்றுக் கருவிகளைக் குறித்த நாளில் இயக்கிப் பார்ப்பதும், சோதனை முடிந்ததும் வால்வுகளின் நிலையை இரண்டாம் ஆள் ஒருவர் தனியே சரிபார்ப்பதும் கட்டாயமாக்கப்பட்டன. நம்பத்தக்க அளவிகள், தெளிவான விளக்குப் பலகைகள், பயிற்சி ஆகியவையும் பாதுகாப்பு அமைப்பின் பகுதிகளாகக் கருதப்படுகின்றன.

மாற்று அமைப்பு எதிர்பார்த்தபடி வேலை செய்ததற்கும் சான்று உண்டு. 2016 மார்ச் 11 அன்று காக்ராபார் முதல் உலையில் குளிர்விப்பான் குழாய் ஒன்றில் கசிவு ஏற்பட்டபோது உலை நின்றது. அவசரக் குளிர்விப்பு அமைப்பு இயங்கி எரிபொருளைக் காத்தது.

கூடங்குளத்தின் அமைப்பு

கூடங்குளத்தில் தலா 1,000 மெகாவாட் திறனுள்ள ரஷ்ய வடிவமைப்பு உலைகள் உள்ளன. முதல் உலை 2013 ஜூலையிலும், இரண்டாம் உலை 2016 ஜூலையிலும் தொடர்வினை நிலையை அடைந்தன. இவற்றில் இயக்கப் பாதுகாப்பு அமைப்புகள் நான்கு தனித்தனி வரிசைகளாக உள்ளன. தேவையான முழு வேலையையும் ஒவ்வொரு வரிசையும் தனியே செய்யவல்லது.

மின்சாரம் முற்றிலும் போனாலும் இயங்கும் வெப்ப நீக்க அமைப்பும் உண்டு. நீராவிக் கலனில் எழும் நீராவி, உலைக் கட்டடத்துக்கு வெளியே உயரத்திலுள்ள காற்றுக் குளிர்விப்பிக்குச் சென்று, குளிர்ந்து நீராகி, புவியீர்ப்பால் திரும்பும். வெளிக்காற்று இயல்பாக மேலேறி வெப்பத்தைக் கொண்டுசெல்லும். கடல்நீரும் மின்சாரமும் இதற்குத் தேவையில்லை. உலைக்கு அடியில், உருகிய எரிபொருளை ஏந்திக்கொள்ளும் கலன் ஒன்றும் அமைக்கப்பட்டுள்ளது.

வடிவமைப்பு எவ்வளவு சிறந்ததாயினும் உறுப்புகளின் தரம் தனியே கவனிக்கப்பட வேண்டியது. முதல் உலை இயங்கும் முன் 2013 ஏப்ரலில் நடந்த சோதனைகளில் நான்கு வால்வுகளின் உறுப்புகள் குறையுடையவை எனக் கண்டு மாற்றப்பட்டன. 2014 மே 14 அன்று சுழலிக் கட்டடத்தில் வால்வு பராமரிப்பின்போது சுடுநீர் பீறிட்டதில் ஆறு பணியாளர்கள் காயமடைந்தனர். இது கதிரியக்க விபத்து அன்று. எனினும் அணுமின் நிலையத்தில் பழுது என்பது பணியாளரின் உடலையும் தொடும் என்பதைக் காட்டியது. நிலையம் இயங்குவதை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கில், உச்ச நீதிமன்றம் 2013 மே 6 அன்று நிலையத்தை அனுமதித்து, பாதுகாப்பு தொடர்பாக 15 கட்டளைகளையும் பிறப்பித்தது.

கண்காணிப்பு

இந்தியாவில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983 நவம்பர் 15 அன்று அமைக்கப்பட்டது. புகுஷிமாவுக்குப் பின் எல்லா நிலையங்களும் மறுபரிசீலனை செய்யப்பட்டன. வெளியிலிருந்து தீயணைப்பு வண்டி மூலமும் உலைக்கு நீர் செலுத்த இணைப்புகள், உயரமான இடத்தில் காற்றால் குளிர்விக்கப்படும் கூடுதல் ஜெனரேட்டர்கள் போன்றவை பரிந்துரைக்கப்பட்டு அமைக்கப்பட்டன. ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் 2007 முதல் ஐதராபாத்திலிருந்து இயங்கிவருகிறது.

கருவிகள் ஒன்றையொன்று சாராதிருக்க வேண்டும் என்ற விதி கண்காணிப்பவர்களுக்கும் பொருந்தும். ஒழுங்குமுறை வாரியம் அணுசக்தி ஆணையத்துக்குக் கட்டுப்பட்டிருப்பதையும், அதற்குத் தனிச் சட்ட அதிகாரம் இல்லாததையும் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2012ஆம் ஆண்டு அறிக்கை குறையாகச் சுட்டியது. தன்னாட்சி அமைப்பை உருவாக்க 2011இல் நாடாளுமன்றத்தில் கொண்டுவரப்பட்ட மசோதா நிறைவேறாமல் காலாவதியானது.

எல்லா அமைப்புகளும் தவறினால் எஞ்சுவது சுற்றுவட்டார மக்களைக் காக்கும் திட்டம். இந்திய நிலையங்களைச் சுற்றி 16 கிலோமீட்டர் வரையிலான பகுதிக்கு அவசரகாலத் திட்டம் வகுக்கப்படுகிறது. மாவட்ட நிர்வாகம் இதற்குப் பொறுப்பு. வீட்டுக்குள் இருத்தல், அயோடின் மாத்திரை, வெளியேற்றம் ஆகியவை இதில் அடங்கும். இதற்கும் ஒத்திகை நடத்தப்படுகிறது. சாலைகள், பேருந்துகள், தகவல் ஆகியவை ஒரே நேரத்தில் தடைபடக்கூடிய சூழலையும் இத்திட்டம் கணக்கில் கொள்ள வேண்டியுள்ளது. 2004இல் கல்பாக்கத்தைத் தாக்கிய அலை, நிலையத்தையும் அதன் பணியாளர்கள் குடியிருந்த நகரியத்தையும் ஒரே காலைப்பொழுதில் தாக்கியது.

செய்திகளைப் படிக்கும்போது

அணுமின் நிலையத்தில் பழுது என்ற செய்தி அடிக்கடி வருகிறது. உலை தானாக நின்றது என்பது மட்டுமே ஆபத்தைக் குறிப்பதாகாது. பல நேரங்களில் பாதுகாப்பு அமைப்பு தன் வேலையைச் செய்ததையே அது குறிக்கிறது. அதேபோல், மூன்று ஜெனரேட்டர்கள் உள்ளன என்பது மட்டுமே பாதுகாப்பைக் குறிப்பதுமாகாது. மாணவர்கள் பின்வரும் கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம்.

1. உலை நின்றபின் எஞ்சு வெப்பம் எந்த வழியில் வெளியேற்றப்பட்டது?
2. நான்கு வகுப்பு மின்சாரத்தில் எவை போயின, எவை நின்றன?
3. முதல் கருவியைக் கெடுத்த காரணம் மாற்றுக் கருவியையும் கெடுத்திருக்க முடியுமா?
4. அந்த மாற்றுக் கருவி கடைசியாக எப்போது இயக்கிச் சோதிக்கப்பட்டது?
5. இதே பழுது வேறு நிலையத்தில் முன்பே நடந்துள்ளதா? அந்தப் பாடம் இங்கே பின்பற்றப்பட்டதா?

நரோராவுக்கு ஐந்தாம் கேள்வியின் விடை, நடந்திருந்தது, பின்பற்றப்படவில்லை என்பதாகும்.